விழக் கற்பதே முதற் பாடம்

“பிள்ளையைத் தற்காப்புக் கலை வகுப்புக்கு அனுப்பலாமா, சாமி?” என்று பெற்றோர் பங்குக் குருக்களிடம் வினவுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. வினவுவோர் உள்ளத்தில் இரண்டு அச்சங்கள் உள்ளன. பிள்ளைக்கு அடிபட்டுவிடுமோ என்பது ஒன்று. சண்டை கற்ற பிள்ளை முரடனாகிவிடுவானோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான அச்சங்களே. ஆனால் “அனுப்பலாம்” என்றோ “கூடாது” என்றோ ஒரே சொல்லில் விடையளித்து ஒதுங்கிவிட இயலாது. அங்கே முதல் நாளில் என்ன கற்பிக்கிறார்கள், யார் கற்பிக்கிறார்கள், எந்த மனத்தோடு கற்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இம்மாதம் அத்தகைய கலைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் பிறந்து, பிரேசிலில் புது வடிவம் பெற்று, இன்று உலகெங்கும் பயிலப்படும் ஜியு ஜித்சு என்னும் மற்கலையே அது. அதைக் கற்பதற்கும் கற்பிப்பதற்கும் அடிப்படையாக உள்ளவை எவை என்று ஆராய்ந்தால், நம் இல்லங்களில் பிள்ளைகளை வளர்ப்பதற்கும் சில பாடங்கள் கிடைக்கும்.

மெலிந்த மாணவனும் முதல் ஆசானும்

ஜப்பானிய மொழியில் ‘ஜியு’ என்றால் மென்மை, நெகிழ்வு, இணங்கிக் கொடுத்தல். ‘ஜித்சு’ என்றால் கலை அல்லது வித்தை. ஆகவே ‘நெகிழ்ந்து கொடுக்கும் வித்தை’ என்று இதனைத் தமிழில் கூறலாம். வாளையும் ஈட்டியையும் இழந்து வெறுங்கையுடன் நிற்க நேரிட்ட போர்வீரன் எதிரியைப் பற்றிப் பிடித்து வீழ்த்துவதற்கென்று ஜப்பானிய வீரர் குலத்தார் வளர்த்த கலை இது. குத்துவதும் உதைப்பதும் இதில் முதன்மையானவை அல்ல. பிடித்தல், நிலைகுலையச் செய்தல், எறிதல், தரையில் அடக்குதல், மூட்டுகளைப் பூட்டுதல் ஆகியவையே இதன் உயிர்.

1868இல் ஜப்பானில் பழைய ஆட்சி முறை மாறியது. 1876இல் வீரர் குலத்தார் பொது இடங்களில் வாள் தாங்குவது தடை செய்யப்பட்டது. பழைய போர்க்கலைகளைத் தேடுவார் இல்லாமற்போயினர். பல ஆசான்கள் முறிந்த எலும்பைக் கட்டும் வைத்தியத்தால் வயிறு வளர்த்தனர். அந்தக் காலத்தில்தான் ஜிகோரோ கானோ என்னும் இளைஞர் இக்கலையைத் தேடிப் புறப்பட்டார். 1860இல் கோபே நகருக்கு அருகிலுள்ள மிகாகே என்னும் ஊரில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். படிப்பில் கெட்டிக்காரர், உடலில் மெலிந்தவர். பள்ளியில் வலிய மாணவர்களால் துன்புறுத்தப்பட்டபோது, வலுவற்றவனும் வலியவனை வெல்லக்கூடிய கலை ஒன்று உண்டு என்று கேள்வியுற்றார். தந்தையின் பழக்கத்திலிருந்த சிலரிடம் கற்பிக்குமாறு கேட்டார். அதற்கெல்லாம் காலம் போய்விட்டது என்று அவர்கள் தட்டிக் கழித்தனர்.

1877இல் அவருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். எலும்பு வைத்தியரான அவர் பெயர் ஃபுகுடா ஹச்சினோசுகே. அந்நாள்களில் நடந்த ஒன்றைக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஒரு நாள் ஆசான் அவரை ஒரு முறையில் எறிந்தார். கை எங்கே, கால் எங்கே, எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று மாணவர் கேட்டார். ஆசான் “வா” என்று அழைத்து மறுபடியும் எறிந்தார். மாணவர் மறுபடியும் கேட்டார். ஆசான் மறுபடியும் எறிந்தார். விளக்கம் கேட்டுக் கற்கும் வித்தையல்ல இது, பலமுறை விழுந்து எழுந்தால் தானே வரும் என்பதே ஆசானின் கருத்து.

இந்நிகழ்ச்சியில் பாதி உண்மை உண்டு. உடலால் கற்க வேண்டியதைச் சொல்லால் கற்க முடியாது. நீந்தும் விதத்தை நூல் படித்து அறிந்தவன் ஆற்றில் மூழ்கித்தான் போவான். ஆயினும் மாணவனின் கேள்விக்கு விடை தராத கற்பித்தல் முழுமையான கற்பித்தல் அன்று. அந்த இளைஞர் இரண்டையும் மறக்கவில்லை. 1882இல், தம் இருபத்திரண்டாம் வயதை எட்டு முன்னரே, டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவேயுள்ள இடத்தில் தம் சொந்தப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அதற்குக் கோடோகான் என்று பெயர். முதல் ஆண்டில் சேர்ந்தவர் ஒன்பது பேரே. பழைய ஜியு ஜித்சுப் பள்ளிகளிலிருந்து கொள்ள வேண்டியதைக் கொண்டு, ஆபத்தானவற்றை ஒதுக்கி, அதற்கு ஜூடோ என்று பெயரிட்டார். ‘டோ’ என்றால் வழி. வித்தையாக இருந்தது வாழ்க்கை வழியாயிற்று.

முதல் அடிப்படை: விழக் கற்றல்

இப்பயிற்சிக்கூடம் எதிலும் நல்லாசான் புதிய மாணவனுக்கு முதலில் கற்பிப்பது எதிரியை வீழ்த்துவதையன்று, தான் விழுவதை. ஜப்பானியர் இதனை ‘உகெமி’ என்பர்.

விழுவதற்கும் ஒரு கல்வியா என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால் கல்லாத மனிதன் எப்படி விழுகிறான் என்று பாருங்கள். பின்புறமாகச் சாயும்போது அவன் கையைப் பின்னே ஊன்றுகிறான், உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது, எலும்பு முறிகிறது. அல்லது தலை பின்னே துவண்டு தரையில் மோதுகிறது. பயிற்சி பெற்றவனோ தாடையை மார்போடு ஒட்டிவைத்து, தன் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்க்கிறான். அதனால் தலை தரையைத் தொடுவதில்லை. முதுகை வளைத்து உருள்கிறான். கையை ஊன்றாமல், உடலை விட்டுச் சற்றே விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை ஒரே நேரத்தில் பாயில் அறைகிறான். மூச்சை அடக்காமல் வெளியே விடுகிறான். ஓரிடத்தில் இறங்க வேண்டிய தாக்கம் உடலெங்கும் பரவி மெலிகிறது. இவ்வளவே இரகசியம்.

இதையும் ஒரே நாளில் கற்பிப்பதில்லை. முதலில் படுத்தபடியே கையால் பாயை அறைந்து பழகுகிறான். அடுத்துக் குந்திய நிலையிலிருந்து பின்னே உருள்கிறான். பின்னர் நின்ற நிலையிலிருந்து விழுகிறான். இவையெல்லாம் எண்ணாமலே வருமளவுக்குப் பழகிய பிறகே பிறர் அவனை எறியலாம். அதுவும் முதலில் மெதுவாக, எறிபவன் அவன் சட்டையின் கையை விடாது பிடித்து, விழும் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் விதத்தில்.

இப்பாடத்தால் உடல் மட்டுமன்று, உள்ளமும் மாறுகிறது. விழுவதற்கு அஞ்சுபவன் விறைத்து நிற்கிறான். விறைத்து நிற்பவனை எறிவதே எளிது. விழுவதற்கு அஞ்சாதவனோ தளர்வாக நிற்கிறான், துணிந்து முயல்கிறான், தவறினால் எழுந்து மீண்டும் முயல்கிறான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. அடி சறுக்காமல் வாழ்ந்தவர் எவருமில்லை. சறுக்கியபின் எழத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற இரு வகையினரே உள்ளனர்.

இரண்டாம் அடிப்படை: நெகிழ்ந்து கொடுத்தல்

கானோ தம் விரிவுரைகளில் எண்களைக்கொண்டு இதனை விளக்குவது வழக்கம். எதிரே நிற்பவனின் பலம் பத்து, என் பலம் ஏழு என்று வைத்துக்கொள்வோம். அவன் முழுப் பலத்தோடு என்னைத் தள்ளும்போது நானும் என் முழுப் பலத்தோடு எதிர்த்துத் தள்ளினால், பத்து ஏழை வெல்லும். நான் பின்னே சாய்வேன். ஆனால் எதிர்த்து நில்லாமல், அவன் தள்ளும் அளவுக்கே என் உடலைப் பின்வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? தாங்குவார் இன்மையால் அவன் முன்னே சாய்கிறான், சமநிலை இழக்கிறான். அந்த நொடியில் அவனுடைய பத்து, மூன்றாகக் குறைகிறது. நானோ நிலைகுலையாமல் நிற்பதால் என் ஏழு ஏழாகவே இருக்கிறது. அதில் பாதியைச் செலவிட்டாலே போதும், அவனை வீழ்த்திவிடலாம்.

எனவே ஒவ்வோர் எறிமுறைக்கும் மூன்று படிகள் உண்டு. முதலில் எதிராளியின் சமநிலையைக் குலைத்தல். அடுத்து, தன் உடலை உரிய இடத்தில் பொருத்துதல். கடைசியாக எறிதல். தொடக்கக்காரன் முதலிரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதற்கே தாவுகிறான். பலத்தை எல்லாம் செலவழித்துக் களைக்கிறான். தரையில் நடக்கும் போராட்டத்திலும் விதி இதுவே. முதலில் தன்னைக் காக்கும் நிலை. அடுத்து, கீழே அகப்பட்டால் இடுப்பை நகர்த்தி விடுபடும் வழி. பின்னரே எதிராளியை அடக்கும் பிடி. ஒழுங்கு மாறினால் வித்தை வெறும் முரட்டுத்தனமாகிவிடும்.

நெகிழ்தல் கோழைத்தனமன்று. கோழை ஓடிவிடுகிறான். நெகிழத் தெரிந்தவன் எதிராளியைப் பிடித்த பிடியை விடாமல், அவன் வேகத்துக்கு இடங்கொடுக்கிறான். தாவீது என்னும் சிறுவனுக்குச் சவுல் அரசர் தம் கவசத்தை அணிவித்ததும், அதைத் தூக்கி நடக்க இயலாமல் அவன் கழற்றி வைத்துவிட்டுக் கவணும் கூழாங்கல்லும் கொண்டு சென்றதும் நீங்கள் அறிந்ததே. பிறனுடைய பலத்தைப் போர்த்திக்கொண்டு போரிட அவன் விரும்பவில்லை. இல்லறத்திலும் அப்படியே. கணவன் குரலை உயர்த்த, மனைவியும் உயர்த்தினால் பத்தும் ஏழும் மோதுகின்றன. ஒருவர் அந்த நொடியில் சற்றே தாழ்ந்தால், மற்றவரின் சினம் தாங்குவாரின்றித் தானே தடுமாறி நிற்கும். விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்பது வெறும் பழமொழி அன்று. உடலே மெய்ப்பிக்கும் உண்மை.

மூன்றாம் அடிப்படை: தட்டியவுடன் விடுதல்

மூட்டைப் பூட்டும் பிடிகளும் கழுத்தை நெருக்கும் பிடிகளும் ஆபத்தானவை. கழுத்தின் இரு பக்கமும் சரியாக நெருக்கப்பட்டால் சில விநாடிகளில் நினைவு தப்பும். அப்படியிருக்க, நண்பர்கள் நாள்தோறும் இவற்றை ஒருவர்மேல் ஒருவர் பயின்றும் ஊனமின்றி வீடு திரும்புவது எவ்வாறு? அதற்கு ஓர் எளிய உடன்படிக்கை உண்டு. பிடியில் அகப்பட்டவன் எதிராளியின் உடலிலோ பாயிலோ கையால் இருமுறை தட்டினால், “போதும், ஏற்றுக்கொண்டேன்” என்று பொருள். கைகள் அகப்பட்டிருந்தால் காலால் தட்டலாம்; வாயால் சொல்லலாம். தட்டிய அக்கணமே மற்றவன் விட்டுவிட வேண்டும். கேள்வி இல்லை, தாமதம் இல்லை, இன்னும் ஒரு நொடி என்பதும் இல்லை.

இந்த உடன்படிக்கையில் இரண்டு அறங்கள் அடங்கியுள்ளன. தட்டுபவனுக்கு வேண்டியது தாழ்மை. தோற்றேன் என்று காலத்தில் ஒப்புக்கொள்ள மனமில்லாதவன் கையை முறித்துக்கொள்வான். பிடித்தவனுக்கு வேண்டியது நம்பகம். தன் கையில் பிறன் மூட்டு இருக்கும்போது வெற்றியின் இன்பத்தை ஒரு நொடிகூட நீட்டாதவனே உடன் பயிலத் தகுந்தவன்.

இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. கோடோகானில் பயின்ற மிட்சுயோ மாயேடா என்பவர் பல நாடுகள் சுற்றி 1914இல் பிரேசில் சேர்ந்தார். அமேசான் ஆற்று முகத்துவாரத்தை அடுத்த பெலேம் நகரில் கார்லோஸ் கிரேசி என்னும் இளைஞருக்கு இக்கலையைக் கற்பித்தார். கார்லோஸ் தம் தம்பியருக்குக் கற்பித்தார். அவர்களுள் ஹெலியோ என்பவர் மெலிந்த உடலினர். பலத்தைக் குறைத்து நெம்புகோல் விதியைப் பெருக்கிப் பயன்படுத்தும் பாணி அவர்கள் குடும்பத்தில் வளர்ந்தது. அதுவே பிரேசில் ஜியு ஜித்சு. 1951 அக்டோபர் 23ஆம் நாள் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் ஹெலியோ, ஜப்பானின் தலைசிறந்த வீரரான மசாஹிகோ கிமுராவுடன் மோதினார். கிமுரா அவருடைய கையைப் பின்னால் முறுக்கிப் பூட்டினார். ஹெலியோ தட்ட மறுத்தார். பூட்டு இறுகியது, ஆயினும் தட்டவில்லை. அப்போது போட்டியை நிறுத்தியவர் களத்துக்கு வெளியே நின்ற அண்ணன் கார்லோஸ்தான். தம்பி சார்பில் துண்டை வீசித் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

அந்தத் துண்டைப் பற்றி ஒவ்வொரு தந்தையும் தாயும் சற்றே சிந்திக்க வேண்டும். பிள்ளை வீம்பால் தட்ட மறுக்கும் வேளைகள் உண்டு. தான் தேர்ந்தெடுத்த படிப்பில் மூச்சு முட்டும். ஆனாலும் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வாய் திறக்க மாட்டான். அத்தகைய வேளையில், “போதும் மகனே, உன் கை எனக்கு வேண்டும், பரிசு வேண்டாம்” என்று துண்டை வீச வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். மற்றொன்றையும் காணுங்கள். தம்மை வென்ற அந்தப் பூட்டுக்குப் பிரேசில் ஜியு ஜித்சுவில் வழங்கும் பெயர் ‘கிமுரா’ என்பதே. தோற்றவர் வழி வந்தோர் வென்றவர் பெயரைச் சொல்லியே அதனை இன்றும் கற்பிக்கின்றனர்.

கற்பிப்பவனின் அடிப்படை

இனி, ஆசான் பக்கம் திரும்புவோம். தம் முதல் ஆசானிடம் விடை பெறாத கேள்விகளைக் கானோ மறக்கவில்லை என்றேன். தம் கூடத்தில் அவர் நான்கு வழிகளில் கற்பித்தார். வரையறுத்த அசைவுகளை ஒழுங்காகச் செய்து பழகுதல் ஒன்று, இருவர் கட்டின்றிப் பிடித்துப் பயிலுதல் இரண்டு, விரிவுரை மூன்று, கேள்வியும் பதிலும் நான்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் கேள்வி நேரம் வைத்த ஆசான் அவர். தொழிலாலும் அவர் ஆசிரியரே. டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர்நிலைப் பயிற்சிக் கல்லூரிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தார்.

பாயின்மேல் நல்லாசான் எவ்வாறு கற்பிக்கிறான்? ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு முறைகளை மட்டுமே எடுக்கிறான். முதலில் முழுதாக ஒருமுறை, பின்னர் மெதுவாகப் பகுதி பகுதியாகச் செய்து காட்டுகிறான். குறைவாகப் பேசுகிறான். மாணவர் இருவர் இருவராகச் சேர்ந்து எதிர்ப்பின்றிப் பலமுறை செய்கின்றனர். பழகிய பின் எதிராளி சிறிது எதிர்க்கிறான். பிறகு இன்னும் சிறிது. கடைசியிலேதான் முழு எதிர்ப்புடன் கூடிய பயிற்சி. புதியவனைப் புதியவனோடு விடாமல், தன் பலத்தை அடக்கத் தெரிந்த மூத்த மாணவனோடு சேர்க்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசான் தன் உடலையே பாடநூலாகக் கொடுக்கிறான். மாணவன் எறியக் கற்கும்போது யாரேனும் ஒருவர் எறியப்பட வேண்டும் அன்றோ? எறிபவனைத் ‘தோரி’ என்றும், எறியப்பட இணங்குபவனை ‘உகே’ என்றும் கூறுவர். உகே இன்றித் தோரி இல்லை. பழைய மரபுப் பயிற்சிகள் பலவற்றில் விழும் பாகம் மூத்தவருடையதே. கானோ தம் கலைக்கு வகுத்த இரண்டு கொள்கைகளுள் ஒன்று, ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்துதல். மற்றொன்று, தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல். இரண்டாவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. நீ விழ இணங்கியதால் நான் கற்றேன். நான் விழ இணங்குவதால் நீ கற்கிறாய்.

கானோவின் பிற்கால ஆசான்களுள் ஒருவர் ஈகுபோ என்பவர். கானோ எவ்வளவு முயன்றும் அவரை எறிய இயலாதிருந்தது. ஒரு நாள், எதிராளியின் சமநிலையை முதலில் குலைக்க வேண்டும் என்னும் உண்மை கானோவுக்குத் தெளிவாயிற்று. அன்று ஆசானை அவர் பலமுறை எறிந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த ஆசான் காரணத்தைக் கேட்டறிந்து, இனி உனக்குக் கற்பிக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று மனமார ஏற்றுக்கொண்டார். மாணவனிடம் தோற்பதையே தன் வெற்றியாகக் கொள்ளும் அந்த மனம் எத்துணை பெரியது!

இங்கே மற்றோர் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். கானோ முதன்முதலில் ஆசானைத் தேடிச் சென்ற அதே 1877ஆம் ஆண்டில், இத்தாலியின் தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ தம் முன்காப்புக் கல்வி முறையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வரைந்தார். பிள்ளை தவறியபின் தண்டிப்பதைவிட, அவன் தவறாதபடி உடனிருந்து காப்பதே மேல் என்பது அதன் சாரம். அறிவு, சமயப் பற்று, அன்பு ஆகிய மூன்றுமே அதன் தூண்கள். இவ்விருவரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். ஆயினும் பிள்ளையின் அருகில் நிற்பவனே ஆசிரியன் என்பதை இருவரும் தத்தம் வழியில் உணர்ந்திருந்தனர்.

அடிப்படையை மறந்தால்

இவ்வளவு சிறந்த கலை, பிறந்த நாட்டிலேயே பிள்ளைகளின் உயிரைக் குடித்த வரலாறும் உண்டு. அதை மறைத்து இதன் பெருமையை மட்டும் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் துரோகமாகும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜூடோப் பயிற்சியின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தனர். அவர்களுள் தலையில் அடிபட்டோர் பலர். பள்ளியில் சேர்ந்து முதல் ஆண்டே ஆன புதியவர்கள் பலர். விழக் கற்று முடியுமுன் எறியப்பட்டவர்கள், தலை வலிக்கிறது என்று சொல்லியும் பயிற்சியைத் தொடர வைக்கப்பட்டவர்கள் என்ற செய்திகள் நெஞ்சைப் பிளக்கின்றன. பிள்ளைகளை இழந்த பெற்றோர்களும் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோர்களும் 2010இல் ஒரு சங்கமாகக் கூடி உண்மையை வெளிக்கொணர்ந்தனர். அதன்பின் பாதுகாப்பு விதிகள் இறுக்கப்பட்டன. பயிற்சியாளர் தகுதிச் சான்று பெறும் முறை 2013இல் நடைமுறைக்கு வந்தது. பிரான்சு நாடோ 1955ஆம் ஆண்டிலேயே, அரசின் சான்று பெற்றவரே ஜூடோவும் ஜியு ஜித்சுவும் கற்பிக்கலாம் என்று சட்டம் இயற்றியிருந்தது.

2022இல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் வேறொரு முடிவையும் அறிவித்தது. தொடக்கப் பள்ளிச் சிறுவர்களுக்கான தேசியத் தனிநபர்ப் போட்டியை அது நிறுத்திவிட்டது. காரணம் யாது? வெற்றி ஒன்றே குறி என்னும் வெறி. எடைப் பிரிவுக்காகச் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்க வைத்த பயிற்சியாளர்கள். நடுவரை நோக்கிக் கூச்சலிட்ட பெற்றோர்கள். தவறு செய்தவர்கள் பாயின்மேல் நின்ற பிள்ளைகள் அல்லர். பாய்க்கு வெளியே நின்ற பெரியவர்கள். பிள்ளை விழுந்தபோது கைகொடுக்க வேண்டியவர்கள், விழுந்ததற்காகச் சினந்தார்கள். இது தொலைதூர நாட்டுச் செய்திதானே என்று நாம் தாளைப் புரட்டிவிட இயலுமா? தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் வீடுகளில் எழும் குரல்களை நினைத்துப் பாருங்கள்.

பொறுமையின் பரிசு

கசப்பான செய்திக்குப்பின் ஓர் இனிய செய்தி. கானோவின் முதல் ஆசானான ஃபுகுடா 1879இல் மறைந்தார். அந்த நன்றியைக் கானோ மறக்கவில்லை. பல்லாண்டு கழித்து ஆசானின் பேத்தியான கெய்கோ ஃபுகுடாவைத் தம் கூடத்தின் பெண்கள் பிரிவுக்கு அழைத்தார். 1935இல் அவர் சேர்ந்தார். ஐந்தடி உயரமும் இல்லாத அப்பெண்மணி, ஐந்தாம் படிக்கு மேல் பெண்களுக்குப் பதவி இல்லை என்னும் விதியால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே படியில் நிறுத்தி வைக்கப்பட்டார். 1972இல்தான் அந்தத் தடை நீங்கியது. அவர் மனங்கசந்து விலகவில்லை. அமெரிக்காவில் குடியேறி, முதுமையிலும் தொடர்ந்து கற்பித்தார். 2011இல், தொண்ணூற்றெட்டாம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் படியை, அதாவது மிக உயர்ந்த தகுதியை, வழங்கியது. 2013இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். தாத்தா ஒரு மாணவனை விடாமல் எறிந்து எறிந்து கற்பித்ததன் பலன், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் பேத்தியிடம் திரும்பி வந்தது. ஆசிரியன் விதைப்பது எங்கே, எப்போது முளைக்கும் என்பதை யார் அறிவார்!

பெற்றோருக்கு விடை

ஆகவே, அன்புள்ள பெற்றோரே, உங்கள் கேள்விக்கு என் விடை இது. அனுப்பலாம், ஆனால் முதலில் நீங்களே சென்று ஒரு மணி நேரம் அமர்ந்து பாருங்கள். புதிய பிள்ளைகளுக்கு விழக் கற்பிக்கிறார்களா? தரையில் தகுந்த பாய் உண்டா? சிறியவனோடு பெரியவன் பயிலும்போது பெரியவன் தன் பலத்தை அடக்குகிறானா? தட்டியவுடன் விடுகிறார்களா? ‘வலிக்கிறது’ என்று பிள்ளை சொன்னால் ஆசான் காது கொடுக்கிறாரா, கேலி செய்கிறாரா? தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புகிறாரா? பெண் பிள்ளைகளை மரியாதையோடு நடத்துகிறார்களா? கேள்வி கேட்க இடமுண்டா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று விடை கிடைத்தால் அச்சம் வேண்டாம். இல்லையெனில், சுவரில் எத்தனை கோப்பைகள் அடுக்கியிருந்தாலும் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.

அதே கேள்விகளை நம் இல்லத்தைப் பார்த்தும் கேட்போம். நம் வீட்டில் விழுவதற்குப் பாய் உண்டா? மதிப்பெண் குறைந்த மகளும், வேலையிழந்த மகனும், சொல்லத் தகாத தவறு செய்துவிட்ட பிள்ளையும், தலை மோதாமல் வந்து விழ ஓரிடம் உண்டா? அல்லது நம் வீட்டுத் தரை முழுவதும் கருங்கல்தானா? தோல்விச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவர அஞ்சிய பிள்ளைகள் எடுத்த விபரீத முடிவுகளை நாம் ஆண்டுதோறும் நாளேடுகளில் காண்கிறோம். அவர்களுக்குப் படிப்பு வராமலில்லை. விழக் கற்பிப்பாரே இல்லாமற்போயினர். பிள்ளை தட்டுகிற ஓசை பல நேரங்களில் மெல்லியது. உண்ணாமல் எழுந்துபோதல், பேசாமல் கதவடைத்துக்கொள்ளுதல், உறங்காமல் விழித்திருத்தல், இவையெல்லாம் தட்டுதலே. கேட்டவுடன் பிடியைத் தளர்த்துங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நாம் சிலுவைப்பாதை செய்கிறோம். பதினான்கு நிலைகளுள் மூன்றில் நம் ஆண்டவர் விழுகிறார். மூன்றாம் நிலையில் ஒருமுறை, ஏழாம் நிலையில் மறுமுறை, ஒன்பதாம் நிலையில் மூன்றாம் முறை. ஒருமுறை விழுந்ததைச் சொன்னால் போதாதா என்று சிறுவர் கேட்பதுண்டு. போதாது. ஒருமுறை விழுந்தவனுக்கும், மீண்டும் விழுந்தவனுக்கும், இனி எழவே முடியாது என்று எண்ணுபவனுக்கும் அவர் துணையிருக்க வேண்டும் அன்றோ? மனிதரைக் கைதூக்க வந்தவர் மனிதர் விழும் தரை வரை இறங்கி வந்தார். அவ்வாறு இறங்கி வந்து நம்மோடு விழுந்து எழுந்தவரையே நாம் போதகர் என்று அழைக்கிறோம்.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்தபின், உங்கள் பிள்ளைகளிடம் ஒரு சொல் சொல்லுங்கள். “நீ விழுந்தாலும் இது உன் வீடு.” இவ்வொரு பாடத்தைக் கற்ற பிள்ளை எந்தக் களத்திலும் அஞ்சாது நிற்பான்.